ஜிம் கிரே

சென்னைக்கு மேற்றிசையிலுள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் ஊர்களை ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. 1960-களில் அம்பத்தூரிற் பெருந் தொழிற்பேட்டை ஒன்று எழுந்தது. கடைசற் பொறிகளும் வார்ப்படச் சாலைகளும் ஒலித்த அப்பேட்டையிலே, இந்நாளில் ஓசை குறைந்த வேறொரு வகைக் கட்டடங்களும் தோன்றியுள்ளன. அவற்றினுள் மனிதர் சிலரே. கணினிகளோ வரிசை வரிசையாக அடுக்கப்பெற்றிருக்கின்றன. வங்கியில் நாம் இட்ட பணமும், மருத்துவமனையில் நம் பெயரிலுள்ள குறிப்பும், கடையின் சரக்கிருப்பும் அக்கணினிகளிலே எழுத்தாகக் கிடக்கின்றன. இங்ஙனம் ஒழுங்குபடத் தொகுத்த செய்தித் திரளைத் தரவுத்தளம் என்றும், கேட்போர்க்கு அதனினின்றும் விடை எடுத்துக் கொடுக்கும் கணினியை ஸர்வர் என்றும் வழங்குவர்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயலின் மழைவெள்ளம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையுட் புகுந்ததை இப்பகுதியார் மறந்திரார். அத்தகைய நாட்களில் மின்சாரம் அறுபட்டுப் பின் மீளும்போது, ஸர்வர்கள் பெரும்பாலும் தாமே எழுந்து தம் பணியைத் தொடங்கிவிடுகின்றன. சிற்சில எழுவதில்லை. எழாத ஸர்வரின்முன் நள்ளிரவில் தனித்திருக்கும் இளைஞனது கலக்கத்தை அத்தொழிலில் இருப்போரே அறிவர். மேலதிகாரி தொலைபேசியில் அழைக்கிறார். விடிந்தால் வாடிக்கைக்காரர் வந்துவிடுவர். கணினியோ ஒரே பிழைச் செய்தியைத் திரும்பத் திரும்பக் காட்டி வாளா நின்றுவிடுகிறது. அவன் அப்போது செய்யும் ஒரு காரியம் பிறருடைய பணத்தையும் உழைப்பையும் காத்தலும் கூடும், அழித்தலும் கூடும். விழுந்த ஸர்வர் எங்ஙனம் எழவேண்டும் என்னும் நெறியை வகுத்தவருள் தலைசிறந்தவர் ஜேம்ஸ் நிக்கோலஸ் கிரே என்னும் அமெரிக்கர். அறிஞர் உலகம் அவரை ஜிம் கிரே என்றே அன்போடு அழைத்தது. அவருடைய வரலாற்றை இயன்ற அளவிற் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

கிரே 1944-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரிற் பிறந்தார். தந்தையார் இராணுவத்தில் உத்தியோகம் பார்த்தவர், தாயார் ஆசிரியை. தந்தையாரின் உத்தியோகத்தை முன்னிட்டுக் குடும்பம் ரோமாபுரிக்குச் சென்றமையால், குழந்தை ஆங்கிலத்திற்கு முன்னரே இத்தாலிய மொழியைப் பேசக் கற்றது. பின்னர்ச் சில ஆண்டுகள் வர்ஜீனியாவிற் கழிந்தன. பெற்றோர் மணவாழ்க்கையினின்றும் பிரிந்தபின், சிறுவர் தாயாருடன் பிறந்த நகருக்கே மீண்டார். அவ்வன்னையார் இவ்வரலாற்றின் இறுதியிலும் வருவார்.

வானப்படைக் கல்லூரியிற் சேர விரும்பி இடம் கிடைக்கப்பெறாமல், 1961-இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையிற் புகுந்தார். படிப்புச் செலவிற்காக ஒரு தொழிற்சாலையிற் பகுதி வேலையும் பார்த்தார். இரசாயனப் பாடத்திற் பெற்ற மதிப்பெண் அவர் உள்ளத்தைச் சோர்வித்தது; ஆறு திங்கள் சர்வகலாசாலையை விட்டே நீங்கினார். வெளியுலகத்து வேலையின் கசப்பைச் சுவைத்தபின் படிப்பு இனிதாயிற்றுப் போலும். திரும்பி வந்து 1966-இற் பட்டம் பெற்றார். இரசாயனத்தில் இடறி விழுவார் நம்மிடையேயும் உளர் ஆதலின் இச்செய்தியை ஈண்டு விடாது குறித்தேன். ஓராண்டு பெல் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்து, மீண்டும் பெர்க்லிக்கே வந்து, 1969-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அச்சர்வகலாசாலையிற் கணினி இயலில் அப்பட்டம் பெற்றவருள் அவரே முதல்வர்.

1970-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். கம்பெனியின் ஸான் ஹோஸே ஆராய்ச்சிச் சாலையிற் சேர்ந்தார். அங்கே எட்கர் காட் என்னும் அறிஞர், செய்திகளையெல்லாம் அட்டவணைகளாக அமைத்துக் கணித முறையால் ஆளலாம் என்னும் கொள்கையை 1970-இல் வெளியிட்டிருந்தார். அக்கொள்கையை ஏட்டளவில் நிறுத்தாமல் இயங்கும் பொறியாக்கிக் காட்டும் பொருட்டுச் சிஸ்டம் ஆர் என்னும் முயற்சி தொடங்கிற்று. கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பகுதியை மேற்கொண்டனர். கிரே எடுத்துக்கொண்ட பகுதி, பலர் ஒரே காலத்தில் எழுதும்போதும், எழுதும் நடுவே பொறி நின்றுபோகும்போதும், கணக்குப் பிறழாமற் காப்பது எங்ஙனம் என்பது. பார்வைக்குக் கவர்ச்சியற்ற பகுதி அது. கட்டடத்திற்கு அடித்தளம் போடுவானை யார் பாராட்டுகின்றனர்?

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவேன். ஒருவர் எழும்பூரிலிருந்து திருநெல்வேலி செல்லும் வண்டியில் ஒரு படுக்கை கேட்கிறார். அவர் வங்கிக் கணக்கிற் பணம் குறைய வேண்டும். இரயில்வேக் கணக்கிற் பணம் கூட வேண்டும். அந்தப் படுக்கை அவர் பெயருக்கு ஆகவேண்டும். முதற் காரியம் முடிந்து மற்றவை முடியாமுன் மின்சாரம் அறுந்தால், பணமும் போய் இடமும் இல்லாத பயணி ஒருவர் உண்டாவார். கிரே கூறிய நெறியின்படி இம்மூன்றும் சேர்ந்து ஒரே பரிவர்த்தனை ஆகும். அது முழுதும் நிகழ்ந்ததாக இருக்கவேண்டும்; இன்றேல் சிறிதும் நிகழாததாக இருக்கவேண்டும்; இடைநிலை என்பது கூடாது. முடிந்தது என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதன்பின் இடி விழினும் அது முடிந்ததாகவே நிற்கவேண்டும்.

சொல்லுதல் எளிது, மின்சாரம் போனதும் நினைவிழக்கும் பொறியில் இதனைச் செய்வது எவ்வாறு? இதற்கான வழியை நம் நாட்டு வணிகர் நெடுங்காலமாகக் கையாண்டு வந்துள்ளனர் என்பது என் கருத்து. கூட்டம் மிகுந்த வேளையிற் கடைக்காரர் பேரேட்டைத் திறந்து ஒவ்வொருவர் பற்றுவரவையும் தேடிக்கொண்டிரார். நடந்ததை நடந்த வரிசையிலே சிட்டையிற் குறித்துவிடுவார். கூட்டம் கலைந்தபின் ஆற அமரப் பேரேட்டிற் பெயர்ப்பார். பேரேட்டின் பக்கம் கிழிந்தாலும் சிட்டை இருந்தாற் கணக்கை மீண்டும் எழுதிவிடலாம். கணினியார் லாக் என்று வழங்குவது இச்சிட்டையையே. பேரேட்டில் எந்த மாற்றத்தையும் செய்யுமுன் அதனைச் சிட்டையில் எழுதி, அச்சிட்டை அழியாத வட்டிற் பதிந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளவேண்டும். சிட்டை பதிந்தபின்னரே வாடிக்கைக்காரருக்கு முடிந்தது என்று சொல்லவேண்டும். இவ்விதி கிரே ஒருவரே கண்டதன்று. பலர் கையாண்டு வந்ததே. எனினும் 1978-இல் அச்சான தமது விரிவுரைக் குறிப்புகளில் அதனை ஐயம் திரிபற வகுத்து, உலகத்தார் கற்கும் பாடமாக ஆக்கியவர் அவரே.

ஆகவே, விழுந்த ஸர்வர் எழும்போது முதலிற் செய்வது தன் சிட்டையைப் படித்தல். கணக்கைச் சரிபார்த்துக் கடைசியாகக் கோடிட்ட இடத்திலிருந்து அது படிக்கத் தொடங்குகிறது. முடிந்தவை என்று குறிக்கப்பெற்ற பரிவர்த்தனைகள் பேரேட்டில் ஏறாதிருந்தால் அவற்றை ஏற்றுகிறது; முடியாமல் அறுபட்டவை பேரேட்டிற் பாதி ஏறியிருந்தால் அவற்றை விலக்குகிறது. இப்பணி முடியும்வரை கதவு திறவாது. வெளியில் நிற்பார்க்கு ஸர்வர் எழ மறுப்பது போலத் தோன்றும். உண்மையில் அது உள்ளே கணக்கெழுதிக்கொண்டிருக்கும். பொறுமையிழந்து அதனை மறுபடி நிறுத்திவிட்டால், அது படித்த பகுதியை மீண்டும் படிக்க நேரும்.

இத்துறையில் நம்மவர் பங்கும் உண்டு. பலர் ஒரே காலத்தில் ஒரு பதிவைத் தொடும்போது ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கும் பூட்டு முறையைப் பற்றி 1976-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆராய்ச்சிக் கட்டுரையில், கிரேயுடன் கே. பி. ஈசுவரன் என்பார் பெயர் முதற்கண் நிற்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1977-இற் பட்டம் பெற்ற சி. மோகன் அவர்கள், தாம் ஐ.பி.எம். ஆராய்ச்சிச் சாலையில் இருந்தபோது, தம் நண்பர் நால்வருடன் 1992-இல் ஏரீஸ் என்னும் மீட்சி முறையை வெளியிட்டார். சிட்டையைப் படித்துத் திருத்தும் முறைகளுள் அதனினும் நிறைவானது அரிது. இன்றும் பல பெருந் தரவுத்தளங்கள் அந்நெறியைத் தழுவியே எழுகின்றன.

1980-இல் கிரே ஐ.பி.எம். கம்பெனியை விட்டு டாண்டம் என்னும் கம்பெனிக்குச் சென்றார். ஓர் உறுப்புப் பழுதானாலும் மற்றோர் உறுப்பு உடனே அதன் வேலையை ஏற்றுக்கொள்ளும் இரட்டைப் பொறிகளை அக்கம்பெனியார் வங்கிகளுக்கும் பங்குச் சந்தைகளுக்கும் செய்துகொடுத்து வந்தனர். பொறிகள் நில்லாமையே அவர்தம் வாணிபம். அங்கே இருந்துகொண்டு கிரே கேட்ட கேள்வி, கணினிகள் ஏன் நிற்கின்றன என்பதே. 1985-இல் அக்கேள்வியையே தலைப்பாக இட்டு ஓர் அறிக்கை எழுதினார். என் எண்ணத்தில், அவர் எழுதியவற்றுள் சாதாரண மாணவனும் படித்து இன்புறத்தக்கது அதுவே.

தம் கம்பெனியின் பொறிகள் பல இடங்களில் நின்றுபோன செய்திகளைச் சேர்த்து, ஒவ்வொன்றிற்கும் காரணம் யாது என்று பகுத்தார். இரும்பும் கம்பியுமாகிய பொறியுறுப்புகளே பெருங் குற்றவாளி என்று யாவரும் எண்ணியிருந்தனர். கிடைத்த கணக்கோ வேறு. உறுப்புகளின் பழுது ஏறத்தாழ 18 விழுக்காடு; மின்சாரம் முதலிய சுற்றுச்சார்பினால் நேர்ந்தது 14 விழுக்காடு; நிரலிலுள்ள பிழையால் நேர்ந்தது 25 விழுக்காடு; பொறியை ஆளும் மனிதர்தம் கையால், அஃதாவது இயக்குதல், அமைத்தல், பழுதுபார்த்தல் ஆகியவற்றில் நேர்ந்த தவற்றால், 42 விழுக்காடு. பழுது பார்க்கப் புகுந்த கையே பழுதின் பெருங் காரணமாதலை அவர் எண்ணிட்டுக் காட்டினார். அதற்காக அக்கையுடையாரை அவர் இகழவில்லை. மனிதன் தவறுவது இயல்பாதலின் அவன் தொடவேண்டிய இடங்களைக் குறைத்துப் பொறியை எளிதாக்குக என்பதே அவர் கூறிய வழி.

அவ்வறிக்கையில் நிரற்பிழைகளையும் இரு வகையாகப் பிரித்தார். போர் என்னும் விஞ்ஞானியின் அணுவைப் போல் உறுதியாக, எத்தனை முறை முயன்றாலும் அதே இடத்தில் அதேபடி தோன்றும் பிழை ஒருவகை. ஹைஸன்பர்க் என்னும் விஞ்ஞானியின் ஐயக் கொள்கையை நினைவூட்டி, உற்றுநோக்கினால் மறைந்துவிடும் பிழை மற்றொரு வகை. அவர் ஆராய்ந்த 132 நிரற்பிழைகளுள் ஒன்றே ஒன்றுதான் முதல் வகையைச் சேர்ந்தது. ஏனையவை மறுமுறை முயலும்போது தலைகாட்டவில்லை. அலுவலகங்களில் எதற்கெடுத்தாலும் கணினியை ஒருமுறை அணைத்துப் போடும் வழக்கம் இருக்கின்றதன்றோ? நகைப்பிற்கிடமான அவ்வழக்கத்திற்கும் ஓர் ஆதாரம் இதனாற் கிடைத்தது.

இனி, நாம் முதலிற் கண்ட அம்பத்தூர் இளைஞனிடம் மீள்வோம். அணைத்துப் போட்டும் ஸர்வர் எழவில்லை. மறுமுறையும் அதே செய்தி. கிரேயின் பகுப்பைக் கொண்டு நோக்கினால் இது தேறுதலுக்குரிய செய்தியே. மாறாது நிற்கும் பிழைக்கு மாறாத காரணம் ஒன்று இருத்தல் வேண்டும்; தேடினால் அகப்படும். வட்டில் இடம் நிறைந்திருக்கலாம். யாரோ பெரிய அதிகாரம் கொண்டு கோப்புகளைப் பெயர்த்தமையால் ஸர்வருக்குத் தன் கோப்பையே திறக்கும் உரிமை இல்லாதிருக்கலாம். அமைப்புக் கோப்பில் ஓர் எழுத்துப் பிழை இருக்கலாம். அது நிற்கவேண்டிய வாயிலில் வேறொரு நிரல் நின்றுகொண்டிருக்கலாம். முன்னைய ஓட்டத்தின் அடையாளச் சீட்டு எஞ்சிக் கிடக்க, தன்னைப்போன்ற மற்றொன்று உள்ளே உயிரோடிருப்பதாக எண்ணி ஸர்வர் ஒதுங்கி நிற்கலாம். இக்கடைசி இடத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்: உள்ளே மற்றொன்று மெய்யாகவே ஓடிக்கொண்டிருந்து, சீட்டைக் கிழித்துவிட்டு இரண்டாவதையும் எழுப்பினால், ஒரே பேரேட்டில் இருவர் எழுதியதாகிவிடும். இவற்றுள் எதனையும் ஊகித்து அறிய வேண்டுவதில்லை. ஸர்வர் நின்றபோது தன் பிழைக் குறிப்பின் கடைசி வரிகளில் பெரும்பாலும் காரணத்தை எழுதிவிட்டே நிற்கிறது. கலக்கத்தில் இருப்பவன் அதனைத்தான் படிப்பதில்லை.

வட்டு நிறைந்துபோன வேளையில் நிகழும் விபரீதம் ஒன்றைச் சிறிது விரித்துரைத்தல் தகும். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் உலகெங்கும் பரவியுள்ளது. கிரே பயின்ற பெர்க்லியிலேயே 1986-இல் அதன் மூலம் பிறந்தது. 2001-ஆம் ஆண்டு முதல் அது மேற்கூறிய சிட்டை முறையை மேற்கொண்டது. சிட்டை இருந்த அடைவிற்கு எக்ஸ்லாக் என்று பொருள்படப் பெயர் வைத்திருந்தனர். லாக் என்ற சொல்லோ கணினித் தொழிலில் வெறும் நிகழ்ச்சிக் குறிப்புகளையும் குறிக்கும். பழைய குறிப்புகளை அழித்து இடம் தேடுதல் அன்றாட வழக்கம். வட்டு நிறைந்து ஸர்வர் எழாதபோது, அப்பெயரைக் கண்டு இவை வீண் குறிப்புகளே என எண்ணிச் சிட்டையையே அழித்தவர் பலர். பேரேட்டில் ஏறாத பரிவர்த்தனைகளுக்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அதனோடு போயிற்று. இவ்விபத்துக்களைக் கண்டு சலித்த போஸ்ட்கிரெஸ் குழுவினர், 2017-இல் வெளியான 10-ஆம் பதிப்பில் அவ்வடைவின் பெயரையே மாற்றி, லாக் என்னும் சொல்லை அதனின்றும் நீக்கினர். சிட்டையைத் தொடாமல், வேறிடத்திலுள்ள வேண்டாத கோப்பை அகற்றியோ வட்டினைப் பெரிதாக்கியோ சிறிது இடம் கொடுத்தால், ஸர்வர் தானே படித்து எழுந்துவிடும். 42 விழுக்காடு என்று கிரே எழுதியது எதனை என்பது இதனாற் புலனாகும்.

டாண்டம் காலத்து நிகழ்ச்சி மற்றொன்றும் சுவையானது. எவர் பொறி விரைவானது என்று கம்பெனிகள் தத்தம் அளவைக் கொண்டு பெருமை பேசிக்கொண்டிருந்த காலத்தில், வங்கிப் பற்றுவரவு ஒன்றைப் பொது அளவாக வைத்து ஒரு கட்டுரையைக் கிரே 1985-இற் பத்திரிகையில் வெளியிட்டார். அதன்கீழ்த் தம் பெயரை இடவில்லை. அநாமதேயர் முதலானோர் என்றே போட்டார். பலர் கருத்துதவிய கட்டுரை அது. அதன் பயனாக 1988-இல் அவ்வளவைகளைக் கண்காணிக்கும் சபை ஒன்று நிறுவப்பெற்றது.

பின்னர் டிஜிட்டல் கம்பெனியிற் சில ஆண்டுகள் இருந்து, 1995 முதல் மைக்ரோஸாப்ட் கம்பெனியின் ஆராய்ச்சியாளராய் ஸான் பிரான்ஸிஸ்கோவிலேயே பணி புரிந்தார். ஆந்திரேயாஸ் ராய்ட்டருடன் அவர் எழுதிய பரிவர்த்தனை பற்றிய பெருநூல் அத்துறைக்கு ஆதார நூலாயிற்று. கணினி உலகின் மிக உயர்ந்த விருதாகிய டூரிங் விருது 1998-இல் அவருக்கு அளிக்கப்பெற்றது. இளைஞர் எவர் எழுதிக் கேட்டாலும் நேரம் ஒதுக்கி விடையளிப்பார் என்று அவருடன் பழகியோர் யாவரும் கூறுவர். நிலவுலகத்தை வானிலிருந்து எடுத்த படங்களைத் தொகுத்து, எவரும் தம் வீட்டுக் கூரையைக் காணுமாறு 1998-இல் ஒரு தரவுத்தளம் அமைத்தார். அடுத்து, அலெக்ஸ் ஸாலே என்னும் வானியல் அறிஞருடன் கூடி, விண்மீன் கணக்கெடுப்பின் பதிவுகளையெல்லாம் பள்ளி மாணவனும் தேடிப் படிக்குமாறு செய்தார். சோதனை, கோட்பாடு, கணிப்பு ஆகிய மூன்றின்பின், குவிந்த தரவுகளை ஆராய்வதே விஞ்ஞானத்தின் நான்காம் வழி என்று 2007 ஜனவரி 11-ஆம் நாள் ஓர் அறிஞர் சபையிற் பேசினார்.

அப்பேச்சு நிகழ்ந்து பதினேழாம் நாள், ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. அண்மையில் மறைந்த தம் அன்னையாரின் அஸ்தியைக் கடலிற் கரைக்கும் பொருட்டு, டெனேஷியஸ் என்னும் தம் பாய்மரப் படகில் தன்னந்தனியராய்ப் புறப்பட்டார். நாற்பது அடி நீளமுள்ள படகு, கடலோட்டத்தில் நெடும் பழக்கமுடையவர், வானமும் தெளிவாயிருந்தது. நகருக்கு ஏறத்தாழ 27 மைல் தொலைவிலுள்ள பாரலோன் தீவுகளை நோக்கிச் சென்ற அவர் திரும்பவில்லை. அபாயக் குறி ஒன்றும் அப்படகினின்றும் வரவில்லை.

கடற்காவற் படையார் நான்கு நாள் தேடி நிறுத்தினர். நண்பர்கள் நிறுத்தவில்லை. வானத்துச் செய்மதிகளைக் கொண்டும் விமானத்தைக் கொண்டும் அக்கடற்பரப்பைப் படமெடுக்கச் செய்து, அப்படங்களைச் சிறுசிறு துண்டுகளாக்கி வலையில் இட்டனர். முகமறியாத ஆயிரக்கணக்கானோர் தத்தம் வீட்டிலிருந்தபடியே ஒவ்வொரு துண்டையும் உற்று நோக்கி, வெண்புள்ளி எங்கேனும் தென்படுகிறதா என்று தேடினர். பிப்ரவரி நடுவில் அம்முயற்சியும் நின்றது. பின்னர்க் கடலடியையும் ஒலியலைக் கருவிகளால் துருவினர். படகின் பலகை ஒன்றும் அகப்படவில்லை. 2008 மே 31-ஆம் நாள் பெர்க்லியில் நண்பரும் மாணவரும் கூடி அவர் பணியைப் போற்றினர். இறந்தார் என்று சொல்லச் சான்று இல்லாமையால் அதனை இரங்கற் கூட்டம் என்று அழைக்கவில்லை. 2012-ஆம் ஆண்டிலே நியாயஸ்தலம் அவரை இறந்தவராகப் பதிவு செய்தது.